கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர்: காரைக்குடியில் ஒரு ஃபால்சிபாரம் மலேரியா

நோயாளியும் அவர் மனைவியும் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இரவு பத்தரை மணி இருக்கும். பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 43 வயதுக்காரர் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மனைவி அவர் தலையை மடியில் தாங்கியிருந்தார். மச்சான் காலைப் பிடித்திருந்தார். ஐந்து நாளாகக் காய்ச்சல், மூன்று நாளாகக் கண் மஞ்சள், அன்று சாயங்காலத்திலிருந்து பேச்சில் குழப்பம். மனைவியைப் பார்த்து, "குழம்பு இறக்கியாச்சு முதலாளி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடம்புச் சூடு 103 டிகிரி. நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 94/60, மூச்சு நிமிடத்துக்கு 34. மூச்சின் வேகம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. நுரையீரலில் அப்போது சத்தம் எதுவும் இல்லை, ஆக்சிஜன் அளவும் 95. நெஞ்சு சரியாக இருக்கும்போது ஒருவர் இப்படி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டபோது 60 மில்லி வந்தது, கட்டங்காப்பி நிறத்தில்.

மனைவியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் இரண்டு நாளுக்கு முன் வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளும், ஒரு பாட்டில் கீழாநெல்லிச் சாறும் இருந்தன. டெங்கு இல்லை, மஞ்சள் காமாலை என்று சொல்லி, எண்ணெய், நெய், உப்பு எதுவும் சேர்க்காமல் பத்தியம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக அவர் வயிற்றில் போனது கஞ்சித் தண்ணீரும் கீழாநெல்லியும்தான்.

இரண்டு நாள் பழைய தாள்

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நோய் இன்னதென்று அதிலேயே எழுதியிருந்தது.

மொத்த பிலிரூபின் 7.8 மில்லிகிராம். அதில் நேரடி வகை 1.9 மட்டும், மீதி 5.9 மறைமுக வகை. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 44. ஹீமோகுளோபின் 11.6. தட்டணுக்கள் 48,000.

கண் மஞ்சளானால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று நினைப்பது நம் ஊரில் ஆழமாகப் பதிந்துபோன பழக்கம். மருத்துவர்களும் அதற்கு விலக்கில்லை. ஆனால் பிலிரூபின் என்பது சிவப்பணு உடையும்போது வெளிவரும் ஹீமோகுளோபினின் மிச்சம். அது கல்லீரலுக்குப் போய்ப் பக்குவப்படுவதற்கு முன் இருக்கும் நிலை மறைமுக வகை, பக்குவப்பட்ட பின் நேரடி வகை. வைரஸ் கிருமியால் கல்லீரல் வெந்துபோயிருந்தால் எஸ்ஜிபிடி பல நூறுக்கு, பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். பொதுவாக, மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் காய்ச்சலும் தணிந்திருக்கும். இவருக்கு எஸ்ஜிபிடி 44, காய்ச்சலோ ஏறிக்கொண்டே இருந்தது. எஸ்ஜிஓடி மட்டும் சற்றுக் கூடியிருந்ததற்கும் காரணம் உண்டு. அது சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது, அணு உடைந்தால் வெளியே வரும்.

ஆக, கல்லீரல் பெரிதாகக் கெடவில்லை. சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்துகொண்டிருந்தன, கல்லீரல் அந்தச் சுமையைத் தள்ள முடியாமல் தவித்தது. கூடவே தட்டணு குறைவு, காய்ச்சல். இந்த மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து நின்றால் மலேரியாவை விலக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

எங்களிடமும் ஒரு தவறு நடந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேச்சு குழம்பி வந்த ஒருவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. நாங்கள் மஞ்சளையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். சர்க்கரை 38 இருந்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 100 மில்லி ஏறியதும் கண்ணைத் திறந்து மனைவியின் பெயரைச் சொன்னார். அந்த அம்மா அப்போதுதான் முதல் முறையாக அழுதார்.

கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு அவரிடம் கேட்டேன்.

"வீட்டுக்காரருக்கு என்ன வேலைம்மா?"

"சமையல் மாஸ்டர், டாக்டரம்மா."

"எங்க?"

"ஆப்பிரிக்காவுல. குன்றக்குடியில நாத்தனார் மகனுக்குக் காதுகுத்துன்னு வந்தாக. வந்து ரெண்டு வாரந்தான் ஆகுது. அங்க ஒரு தடவ இப்படிக் காய்ச்ச வந்து ஊசி போட்டேன்னு போன்ல சொன்னாக."

மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுக நகரில், இந்தியர் நடத்தும் உணவகம் ஒன்றில் 14 மாதம் வேலை. மும்பை வழியாகச் சென்னை, அங்கிருந்து பல்லவன் ரயிலில் காரைக்குடி. வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஆரம்பம். மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி கொசுக்கடியிலிருந்து காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக 7 முதல் 14 நாள் வரை எடுத்துக்கொள்ளும். கணக்கு சரியாகப் பொருந்தியது. ஐந்து நாளில் மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை.

இந்த ஊருக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்காக, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் ஊர் இது. இன்றைக்கும் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, என்றால் என்னவென்று என் அப்பத்தாவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி கைநழுவிப் போயிருக்கிறது. கேட்டாலும் சிங்கப்பூரா, துபாயா என்பதோடு நின்றுவிடுகிறோம்.

கண்ணாடித் தகட்டில்

எங்கள் லேபில் இரவுப் பணியில் இருந்தவர் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் மலேரியாத் தகடு பார்த்தவர். அது எங்கள் பாக்கியம். தகட்டில் தடவிய இரத்தத்தைச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு அவரே வார்டுக்கு ஓடிவந்தார். "மேடம், ஒரு நிமிஷம் வாங்க. இத்தனை நான் பார்த்ததே இல்ல."

நுண்ணோக்கியில் பார்த்தேன். மெல்லிய மோதிரங்கள். பல சிவப்பணுக்களில் ஒன்றுக்கு இரண்டு, மூன்று. சில மோதிரங்களில் இரண்டு புள்ளிகள், தலையில் மாட்டும் ஹெட்ஃபோன் போல. சில அணுவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் ஃபால்சிபாரத்தின் அடையாளங்கள். எண்ணிப் பார்த்ததில் 100 சிவப்பணுவில் 14 அணுவுக்குள் ஒட்டுண்ணி இருந்தது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே கடுமையான மலேரியா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வெள்ளணுக்களுக்குள்ளும் பழுப்பு நிறமி தெரிந்தது. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று மிச்சம் வைக்கும் கழிவு அது. வெள்ளணுக்கள் வரை அது ஏறியிருக்கிறது என்றால், ஏற்கெனவே பல சுற்று அணுக்கள் உடைந்து முடிந்திருக்கின்றன.

விரலில் இருந்து எடுத்த இரத்தத்தில் இளம் மோதிரங்கள் மட்டும்தான் தெரியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த ஒட்டுண்ணியின் ஒரு சுற்று 48 மணி நேரம். இரண்டாம் பாதியில் அது சிவப்பணுவின் மேற்பரப்பில் பசைபோன்ற ஒரு புரதத்தை நீட்டி, மூளை, சிறுநீரகம், குடல், நுரையீரல் ஆகியவற்றின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குப் போய் மாட்டிக்கொள்ளாமல் தப்புவதற்கு அது கண்ட வழி. அதனால் தகட்டில் 14 என்றால் உள்ளே ஒளிந்திருப்பது இன்னும் எவ்வளவோ. மறுநாள் காலை எண்ணிக்கை 15 ஆனபோது குடும்பம் பயந்துபோனது. மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை, ஒளிந்திருந்தவை உடைந்து புதுச் சுற்றாக வெளியே வந்திருந்தன.

மதுரையிலிருந்து வந்த பார்சல்

எடை 64 கிலோ. மலேரியாவுக்கான ஊசி மருந்து ஆர்ட்டிசுனேட், கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 154 மில்லிகிராம். 60 மில்லிகிராம் குப்பிகள் என்பதால் வேளைக்கு மூன்று குப்பி உடைக்க வேண்டும். முதல் வேளை, 12 மணி நேரம் கழித்து அடுத்தது, 24ஆம் மணியில் மூன்றாவது, பிறகு நாளுக்கு ஒன்று. எங்கள் மருந்தகத்தில் இருந்தது நாலே நாலு குப்பி.

இரவு 11.40க்கு முதல் வேளை போட்டோம். மச்சானிடம் மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடையின் எண்ணைக் கொடுத்தோம். கடைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்துபோய்க் கடையைத் திறந்து, விடியற்காலைப் பேருந்தில் நடத்துநரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டார். 90 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் மச்சான் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது, அடுத்த வேளைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது.

மலேரியாவுக்கான பழைய மருந்து குயினைன் கையில் இருந்தது. அதைக் கொண்டு தொடங்கலாமே என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். 2005இல் வெளியான, வங்கதேசம், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 1,461 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், குயினைன் போட்டவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் 15 சதவீதம். அதோடு குயினைன் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை ஏற்கெனவே 38க்கு வந்து நிற்கும் மனிதருக்கு அதை எப்படிப் போடுவது? நாலு குப்பி இருந்ததே போதும், முதல் வேளையைத் தள்ளிப்போடாமல் போட முடிந்தது.

எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் நம் பக்கம் சாதாரணம். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் இருக்கவும் கூடும். அதனால் அவற்றுக்கான பரிசோதனை முடிவு வரும்வரை செஃப்ட்ரியாக்சோன், டாக்சிசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்துக் கொடுத்தோம். இரண்டும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் கெட்டாலும் பெரும்பாலும் பொட்டாசியம் குறைந்தே இருக்கும். இவருக்கு 5.6 இருந்தது. அப்போதே என் சந்தேகம் குறைந்துவிட்டது.

எண்கள் சொன்ன கதை

அன்று இரவு எடுத்த பரிசோதனை: பிலிரூபின் 11.4, அதில் மறைமுக வகை 7.9. எஸ்ஜிஓடி 142, எஸ்ஜிபிடி 68. எல்டிஹெச் 1,860. அல்புமின் 2.3. ஹீமோகுளோபின் 8.9. தட்டணு 21,000. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா 148, கிரியாட்டினின் 4.2. சோடியம் 126, பொட்டாசியம் 5.6, குளோரைடு 94. இரத்த வாயுப் பரிசோதனையில் பிஹெச் 7.27, பைகார்பனேட் 12, லாக்டேட் 7.2.

இரண்டு நாளில் ஹீமோகுளோபின் 11.6இலிருந்து 8.9க்கு இறங்கியிருக்கிறது. எங்கும் இரத்தப்போக்கு இல்லை. எல்டிஹெச் சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கும் நொதி, அது 1,860க்கு ஏறியதும் அதே கதையின் இன்னொரு பக்கம்தான். இரத்த உறைவு நேரம் கொஞ்சமே நீண்டிருந்தது. கல்லீரல் உறைவுப் பொருள்களைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நேரடி பிலிரூபின் 1.9இலிருந்து 3.5க்கு ஏறியதால், கல்லீரலும் இப்போது அடி வாங்கத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் முதல் அடி விழுந்தது அங்கே இல்லை.

லாக்டேட்தான், அதாவது இரத்தத்தில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தின் அளவுதான், என்னை மிகவும் பயமுறுத்தியது. கடுமையான மலேரியாவில் பிழைப்பாரா மாட்டாரா என்பதை ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைவிட அமிலத்தின் அளவு நன்றாகச் சொல்லும். இவருக்கு அது மூன்று வழியில் சேர்ந்தது. ஒட்டுண்ணி தன் சக்திக்குச் சர்க்கரையை மட்டுமே நம்பியிருக்கிறது. அதைக்கூட முழுசாக எரிக்காமல் பாதியிலேயே லாக்டிக் அமிலமாகக் கழித்துவிடுகிறது. ஒட்டுண்ணி புகுந்த அணு, நல்ல அணுவைவிடப் பல பத்து மடங்கு சர்க்கரையைத் தின்னும். இது ஒன்று. நுண்குழாய்கள் அடைபட்டதால் ஆக்சிஜன் போய்ச் சேராத திசுக்களும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கின. சேர்ந்த அமிலத்தை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் அன்று தளர்ந்துகிடந்தன.

சர்க்கரை 38க்கு இறங்கியதும் இதோடு சேர்ந்ததுதான். தின்பவன் அதிகம், கல்லீரல் புதுச் சர்க்கரை செய்யவில்லை, வயிற்றிலோ இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர். அடுத்த 24 மணி நேரத்தில் இரண்டு முறை மறுபடியும் 60க்குக் கீழே வந்தது. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை விடாமல் ஏற்றி, மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தோம்.

சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எண்களை வைத்து, நேராக அளக்காத அமிலங்களைக் காட்டிக்கொடுக்கும் எதிர்மின் அயனி இடைவெளியைக் கணக்கிட்டால் 20 வரும். இரத்தப் புரதமான அல்புமினின் குறைவை ஈடுகட்டினால் 24. லாக்டேட் 7.2 மட்டும் இதை முழுதாக விளக்காது. கெட்டுப்போன சிறுநீரகம் வெளியேற்றாத மற்ற அமிலங்களும் உள்ளே இருந்தன. கால்சியம் 7.1 என்று வந்ததைப் பார்த்து உடனே கால்சியம் ஊசி போட வேண்டியதில்லை. அல்புமினைக் கணக்கில் எடுத்தால் அது 8.4க்கு மேல். சோடியம் 126ஐயும் வேகமாக ஏற்றவில்லை. காய்ச்சல் குறைந்ததும் மூன்று நாளில் தானாகவே 134க்கு வந்தது.

சிறுநீரகத்தைப் பற்றி. சிறுநீரில் இரத்தம் இருப்பதாகப் பட்டைப் பரிசோதனை காட்டியது, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் அதிகம் இல்லை. அப்படியென்றால் அது அணுவுக்கு வெளியே மிதந்த ஹீமோகுளோபின், கட்டங்காப்பி நிறம் அதனால்தான். இந்த வெளி ஹீமோகுளோபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடும், குழாய்கள் சுருங்கும். சிறுநீரக நுண்குழல்களுக்குள் நேரடியாக நச்சாகவும் மாறும். ஒட்டிக்கொண்ட அணுக்களின் அடைப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் நின்றுபோவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாம் நாள் மாலை கிரியாட்டினின் 5.8, பொட்டாசியம் 6.1, 24 மணி நேரச் சிறுநீர் 240 மில்லி. டயாலிசிஸ் தொடங்கினோம். மொத்தம் ஐந்து முறை, கடைசியாகப் பத்தாம் நாள்.

தட்டணு 21,000 என்றதும் உறவினர்கள் ஆறு பேர் இரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். டெங்குக் காலத்தில் ஊர் கற்றுக்கொண்ட பயம் அது. இரத்தப்போக்கு இல்லாதவரை தட்டணு ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒட்டுண்ணி ஒழிந்ததும் ஆறாம் நாள் அது தானே ஒரு லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் இருவரின் இரத்தம் வீணாகவில்லை. மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 6.4க்கு வந்தபோது சிவப்பணு இரண்டு பாட்டில் ஏற்றினோம்.

மூன்றாம் நாள் மூச்சு

24 மணியில் ஒட்டுண்ணி 3 சதவீதம், 48 மணியில் 0.2. லாக்டேட் 2.6. எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக இருந்த நேரத்தில் ஆக்சிஜன் 86க்கு இறங்கியது. எக்ஸ்ரேயில் இரு நுரையீரலும் வெள்ளை.

ஒட்டுண்ணி சாகச் சாக நுரையீரல் கெடுவது பெரியவர்களுக்கு வரும் ஃபால்சிபாரத்தில் தெரிந்த ஆபத்து. நுண்குழாய்ச் சுவர் கசிவதால் நீர் கோத்துக்கொள்ளும். முதல் இரவு இரத்த அழுத்தம் 94 என்று பார்த்ததும் மளமளவென்று இரண்டு மூன்று லிட்டர் சலைன் ஏற்றியிருந்தால் இது இன்னும் முன்னதாகவும் மோசமாகவும் வந்திருக்கும். லாக்டேட் கூடியிருக்கிறது, திரவம் ஏற்று என்பது மற்றக் காய்ச்சல்களில் நாம் பழகிய பாடம். மலேரியாவில் லாக்டேட் கூடுவது பெரும்பாலும் குழாய் அடைப்பால், நீர் வற்றியதால் மட்டும் அல்ல. எவ்வளவு சலைன் ஏற்றினாலும் அந்த அடைப்பு விலகாது. நாங்கள் முதல் நாள் முழுவதும் அளந்து அளந்துதான் கொடுத்திருந்தோம். முகக்கவச வென்டிலேட்டரில் மூன்று நாள் இருந்தார். தொண்டைக்குள் மூச்சுக்குழாய் போட வேண்டிய நிலை வரவில்லை. டயாலிசிஸில் நீரை எடுத்ததும் உதவியது. 72ஆம் மணித் தடவலில் ஒட்டுண்ணி இல்லை.

பத்தியமும் மாத்திரையும்

ஐந்து வேளை ஊசி முடிந்து, ஐந்தாம் நாள் ஆர்ட்டிமெத்தர்–லுமிஃபான்ட்ரின் மாத்திரைக்கு மாறினோம், மூன்று நாளில் ஆறு வேளை. ஊசி வேகமாகக் கொல்லும், ஆனால் உடம்பில் சில மணி நேரம்தான் தங்கும். மிச்சம் மீதியை ஒழிக்க நெடுநேரம் தங்கும் துணை மருந்து வேண்டும். அந்த வேலை லுமிஃபான்ட்ரினுடையது. அது கொழுப்போடு போனால்தான் குடலில் சேரும். வெறும் வயிற்றிலோ கஞ்சித் தண்ணீரிலோ விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல் வரலாம்.

நோயாளியின் அம்மாவுக்கோ கண் இன்னும் மஞ்சளாக இருக்கும் மகனுக்கு ஒரு சொட்டு நெய் கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம். எழுபது வயதுக்கு மேல். மருமகள் கொண்டுவந்த பால் டம்ளரைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "எங்க ஐயா காமாலையில போனாக தாயி. பத்தியம் தப்பித்தான் போனாக" என்றார். அவர் பயம் பொய்யில்லை. அவரை நான் ஒதுக்கிவிட்டு மருமகளிடம் மட்டும் பேசியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்திருக்காது, ஏனென்றால் இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

லேபுக்குக் கூட்டிப்போய்த் தகட்டைக் காட்டினேன். முதல் நாளுடையது ஒன்று, அன்றையது ஒன்று. "இந்த மஞ்சள் ஈரல்ல இருந்து வரல ஆத்தா, உடைஞ்ச ரத்தத்துல இருந்து வந்துச்சு. பூச்சி செத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தா அதைக் கொல்ற மருந்து கொழுப்புலதான் கரையும்" என்றேன். நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் வார்டுக்கு வந்து, தானே பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினார். ஆறு வேளையும் அவர் கையால்தான் போனது. ஊருக்கெல்லாம் உப்புக்கறியும் சீயமும் செய்து போட்ட மனிதர், ஒரு வாரத்துக்குப் பின் நெய் வாசம் பட்டதும் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அதே ஐந்தாம் நாள் தடவலில் வாழைப்பழ வடிவில் இரண்டு மூன்று செல்கள் தெரிந்தன. கொசுவுக்குத் தொற்றும் பருவம் அது. நோயாளிக்கு அதனால் தொந்தரவு இல்லை, தெருவுக்கு உண்டு. இரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியில் ஜி6பிடி என்ற சிவப்பணு நொதியில் குறைபாடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பருவத்தைக் கொல்லும் பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை கொடுத்தோம். சுகாதாரத் துறைக்கு முதல் நாளே தெரிவித்திருந்தோம்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். கிரியாட்டினின் 2.6, ஹீமோகுளோபின் 8.3. வாரம் ஒருமுறை நாலு வாரத்துக்கு வந்து இரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

இருபதாம் நாள்

அடுத்த பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போதே வந்துவிட்டார். திண்ணைப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் மறுபடியும் கறுக்கிறது. வருவதற்கு முன் வெளியில் மலேரியா ரேபிட் கார்டு போட்டிருக்கிறார்கள், பாசிட்டிவ். திரும்ப வந்துவிட்டது என்று குடும்பமே ஒடிந்துபோயிருந்தது.

ஹீமோகுளோபின் 5.8. எல்டிஹெச் 1,420. பிலிரூபின் 3.1, பெரும்பகுதி மறைமுக வகை. தகட்டில் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை, தடித்த தடவலிலும் இல்லை. காய்ச்சலும் இல்லை. ரேபிட் கார்டு தேடுவது ஒட்டுண்ணி விட்டுச்சென்ற ஒரு புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும். குணமானாரா என்று பார்க்க அந்தக் கார்டு உதவாது.

நடந்தது இது. ஆர்ட்டிசுனேட் இளம் மோதிரங்களை அணுவுக்குள்ளேயே கொன்றுவிடுகிறது. மண்ணீரல் அந்தப் பிணத்தை மட்டும் அணுவிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, அணுவைத் திரும்ப ஓட்டத்தில் விடுகிறது. அதனால்தான் ஊசி போட்ட முதல் நாட்களில் 14 சதவீத அணுக்களும் ஒரேயடியாக உடைந்து ஆள் சாகாமல் தப்புகிறார். ஆனால் அப்படித் தழும்பு பட்ட அணுக்களுக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் அவையெல்லாம் சேர்ந்தாற்போல் உடையும். ஒட்டுண்ணி எவ்வளவு அதிகமோ அவ்வளவு தழும்பணு. மருந்தின் குறை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரைக் காப்பாற்றிய அதே வழியில் பின்னால் வரும் கடன் இது. ஆனால் தெரிந்து காத்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் இதைத் திரும்ப வந்த மலேரியா என்று நினைத்து மறுபடியும் ஆர்ட்டிசுனேட் போடுவார்கள்.

சிவப்பணு இரண்டு பாட்டில் ஏற்றினோம், வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கிரியாட்டினின் ஒருநாள் 2.1இலிருந்து 2.5க்கு ஏறி, பிறகு இறங்கியது. 27ஆம் நாள் ஹீமோகுளோபின் 8.4. 45ஆம் நாள் ஹீமோகுளோபின் 11.2, கிரியாட்டினின் 1.2, பிலிரூபின் 0.8, எல்டிஹெச் இயல்பு நிலை. சிறுநீரில் புரதம் மட்டும் லேசாக எஞ்சியிருந்தது. அதற்காக மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

சுகாதார ஆய்வாளர் அவர்கள் தெருவில் வீடு வீடாகப் போய் இரத்தத் தடவல் எடுத்தார். எல்லாம் நெகட்டிவ். மேல்நிலைத் தொட்டிகளையும், முற்றத்து மழைநீரைப் பிடித்துவைக்கும் அண்டாக்களையும், மூடாத கிணறுகளையும் பார்த்தார். மலேரியா கொசு அழுக்குச் சாக்கடையைத் தேடாது, இப்படிச் சுத்தமாகத் தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். இரண்டு கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டார்கள். நோயாளி வீட்டுக் கிணறு அதில் ஒன்று.

கடைசியாக வந்தபோது, பெய்ராவுக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். கடன் இருக்கிறது, மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போகாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொசுவலை, படுக்குமுன் பூசும் களிம்பு, தடுப்பு மாத்திரை பற்றி உட்கார்ந்து பேசினோம். அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே தகடு பார்க்க வேண்டும் என்றேன். ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் வாசலிலேயே "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறேன்" என்று சொல்லச் சொன்னேன்.

"நான் மயக்கத்துல கெடந்தா?" என்று கேட்டார்.

மனைவி பக்கத்தில் இருந்தார். "நான் சொல்லுவேன்" என்றார்.